விடிய விடிய எதப் பத்திப் பேசுவீங்க?

கல்வெட்டுக் கிறுக்கன்: எனக்கு தமிழி எழுத்துதான், பழங்காலத்துத் தமிழ் எழுத்து. மதுர பக்கம் மாங்குளம் மலைல பாண்டிய ராசா நெடுஞ்செழியன் பேரு வெட்டிருக்கத மொதத் தடவ பாத்தப்ப புல்லரிச்சுருச்சு, ரெண்டாயிரம் வருசத்து எழுத்துல்ல, அன்னைலருந்து சோத்துல கை வச்சாலும் அதே பேச்சுதான். உங்களுக்கு?

மேலூர்க்காரி: எனக்குப் பறவை தம்பி. அரிட்டாபட்டி மலைல ராசாளி வட்டம் போடுறத பாத்தா வீட்டுக்கு வர மனசே வராது. 2022ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சது அந்த ஊரத்தான்.

கல்வெட்டுக் கிறுக்கன்: அக்கா அங்க கழிஞ்சமலைலயும் தமிழி இருக்கு!

பூ யாவாரி: நமக்கு மதுர மல்லி. 2013ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு. விடியக்காலம் மொட்டாப் பறிக்கணும், அப்பத்தான் சாயங்காலம் விரிஞ்சு மணக்கும்.

மேலூர்க்காரி: தம்பி, ஞாயித்துக்கெழம வாங்க, அந்த எழுத்தக் காட்டுங்க.