மறு: ‘செயல்திறன் விகிதம்’ – வேறு சொல் பார்க்கலாமா?

*கோவையிலிருந்து:*

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

தஞ்சை ஐயா நேற்று கேட்டிருந்தார்:

> சூரிய மின்நிலையக் கணக்கில் வரும் பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோவைச் ‘செயல்திறன் விகிதம்’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். புழக்கத்தில் இருப்பதைக் கலைத்துவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. போன ஆண்டு வரை நானும் அப்படித்தான் எழுதினேன். என்னை மாற்றியவர் ஒரு நூற்பாலைக்காரர். அவர் ஆலைக் கூரையில் 100 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறார். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து, அவர் கேட்டுக்கொண்டபடி அறிக்கையைத் தமிழிலேயே கொடுத்தேன். செயல்திறன் விகிதம் 78%, நன்றாகவே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். “பேனல் விக்க வந்தவரு திறன் 21 சதவீதம்னாருங்க. பேங்க்ல குடுத்த தாள்ல ஏதோ திறன் 18 சதவீதம்னு இருக்குது. நீங்க 78ங்கறீங்க. இதுல எதுங்க நிஜம்?”

மூன்றும் நிஜம். ஆனால் மூன்றும் வேறு வேறு. அதை விளக்க எனக்கு முக்கால் மணி நேரமும் அவருக்கு இரண்டு டீயும் ஆயிற்று.

21 என்பது பேனலின் பயனுறுதிறன், அதாவது மேலே விழுகிற ஒளியில் எவ்வளவு பங்கு மின்சாரமாகிறது என்பது. 18 என்பது கொள்திறன் பயன்பாடு. 100 கிலோவாட் நிலையம் இரவு பகலாக 24 மணி நேரமும் முழுவீச்சில் ஓடியிருந்தால் 2,400 யூனிட் வந்திருக்கும்; ஒரு நாளை எடுத்துக்கொண்டால், அன்று வந்தது 430. இரவையும் சேர்த்து வகுத்தால் 18தான் வரும், அதில் யார் குற்றமும் இல்லை.

என்னுடைய 78 இந்த இரண்டுமல்ல. பேனல் சாய்ந்திருக்கும் தளத்தில் அன்று சதுர மீட்டருக்கு 5.5 யூனிட் வெயில் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் பேனலைச் சோதிக்கும் வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட். அந்தக் கணக்கில் அன்றைய வெயில் ஐந்தரை மணி நேர முழு வெயிலுக்குச் சமம். ஆகவே 100 கிலோவாட்டுக்கு 550 யூனிட் வந்திருக்க வேண்டும். மீட்டரில் 430. 430-ஐ 550-ஆல் வகுத்தால் 78%. பேனலின் பயனுறுதிறன் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. 15% பேனலும் 22% பேனலும் ஒரே விகிதத்தைக் காட்டலாம்.

இப்போது நம் சொற்களைப் பாருங்கள். வாட்டில் அளப்பது திறன். எஃபிசியன்சி பயனுறுதிறன்; செய்தித்தாள்களிலோ அதுவே செயல்திறன். கெபாசிட்டி கொள்திறன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் குளிர்சாதனப் பெட்டிக்குச் செயல்திறன் குணகம். இத்தனை திறனுக்கு நடுவே இன்னொரு ‘திறன் விகித’த்தைக் கொண்டுபோய் வைத்தால் ஆலைக்காரர் குழம்பாமல் என்ன செய்வார்? சொல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அது போய் உட்கார்ந்த இடத்தில் கூட்டம் அதிகம், அவ்வளவுதான்.

என் யோசனை விளைச்சல் விகிதம். இது நானாகக் கொண்டுவந்த உவமையும் இல்லை. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் வெளியிட்ட 61724 என்ற தரநிலையே இந்த எண்களை ‘யீல்டு’ என்றுதான் அழைக்கிறது. வெயிலைப் பார்த்து வந்திருக்க வேண்டியது ஒரு யீல்டு, கடைசியில் கிடைத்தது இன்னொரு யீல்டு. இரண்டாவதை முதலாவதால் வகுப்பதுதான் பெர்ஃபார்மன்ஸ் ரேஷியோ. பெயரில் மட்டும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ எப்படியோ ஒட்டிக்கொண்டது. நாம் பெயரை விட்டுவிட்டுக் கணக்கை மொழிபெயர்க்கலாமே.

*தஞ்சையிலிருந்து:*

அம்மா, நீங்கள் சொன்ன நூற்பாலைக்காரரைப் பார்த்ததும் என் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் விளைச்சல் என்று பாதியில் நின்றுவிட்டீர்களே. எங்கள் பக்கம் வயலில் நிற்பதும் விளைச்சல், வீட்டுக்கு வருவதும் விளைச்சல். அறுத்து, அடித்து, தூற்றி, பதர் போக்கி, மரக்காலால் அளந்த பிறகு ‘இவ்வளவு’ என்று நிற்கிறதே, அதற்குத் தனிச்சொல் இருக்கிறது: கண்டுமுதல். “மாவுக்கு எவ்வளவு கண்டுமுதல்?” என்றுதான் கேட்போம் (மா என்பது இங்கே நில அளவு). உங்கள் மீட்டரில் நின்ற 430 யூனிட் சாட்சாத் கண்டுமுதல். எனவே ‘கண்டுமுதல் விகிதம்’ என்றே வைத்துவிடலாம்.

கதிர் என்றால் வெயிலுக்கும் கதிர், நெல்லுக்கும் கதிர். இதைவிட வேறு என்ன பொருத்தம் வேண்டும்?

*யாழ்ப்பாணத்திலிருந்து:*

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சிக்கல் எங்களுக்குப் பாதிதான். பவருக்கு நாங்கள் வலு என்போம், எஃபிசியன்சிக்கு வினைத்திறன். பாடசாலையிலேயே இரண்டும் பிரிந்துவிடும். ஆகவே ‘செயல்திறன் விகிதம்’ எங்களை அவ்வளவாகக் குழப்பாது. ஒரு முன்னெச்சரிக்கை: யாராவது விளைச்சலையும் திறனையும் சேர்த்து ‘விளைதிறன்’ என்று தொடங்கிவிட வேண்டாம். அது இங்கே எஃபெக்டிவ்னஸுக்கு நிலைத்துவிட்டது.

விளைச்சல் விகிதம் எனக்குச் சம்மதம். கண்டுமுதலில் இரண்டு தடை. ஒன்று, அந்தச் சொல் எங்கள் பக்கம் புழக்கத்தில் இல்லை. அதைப் பெரிதுபடுத்தவில்லை, சொல் நல்லதென்றால் பழகிக்கொள்ளலாம். இரண்டாவதுதான் முக்கியம். நான் செய்யும் வேலை மாதிரியாக்கம். நிலையம் கட்டுவதற்கு முன்பே, ஒரு வருடத்தின் 8,760 மணித்தியாலத்துக்கும் வெயில், காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, இவ்வளவு அலகு வரும் என்று சொல்வது. அங்கும் இதே விகிதம் வருகிறது. நிலத்தில் இன்னும் ஒரு தூண்கூட நடவில்லை, அதற்குள் எதைக் ‘கண்டு’ முதல் ஆக்குவது? அறுவடைக்கு முதலே அளந்த கதையாகிவிடும்.

*கோவையிலிருந்து:*

யாழ் அண்ணன் பிடித்த பிடி சரியான பிடி. இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம், அந்தத் தடையே நமக்கு உதவி என்று தோன்றியது.

கணினி சொன்ன எண்ணும் மீட்டர் சொன்ன எண்ணும் ஒன்றல்ல என்பதை எங்கள் துறை ஆட்களே அடிக்கடி மறந்துவிடுகிறோம். கிராமத்தில் மறக்கவே மாட்டார்கள். கதிர் முற்றியதும் வரப்பில் நின்று பார்த்து, இத்தனை மூட்டை தேறும் என்று சொல்வது மதிப்பு. களத்தில் அளந்தது கண்டுமுதல். மதிப்பை நம்பிக் கடன் வாங்கியவனுக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். ஆகவே விகிதத்துக்குப் பொதுப்பெயர் விளைச்சல் விகிதம். கணினியிலிருந்து வந்தால் மதிப்பு விளைச்சல், மீட்டரிலிருந்து வந்தால் கண்டுமுதல். வங்கிகள் கேட்கும் பி90 என்ற எண்ணையும் இதே மொழியில் சொல்லிவிடலாம்: பத்தில் ஒன்பது ஆண்டு இதற்குக் குறையாத மதிப்பு.

இந்தச் சொற்களைச் சோதித்துப் பார்க்க ஒரு கடினமான இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் யூனிட் அதிகம், விகிதம் குறைவு. ஜனவரியில் விகிதம் மேலே. ‘செயல்திறன்’ என்று எழுதியிருந்த காலத்தில், வெயில் கொளுத்தும்போது செயல்திறன் குறைகிறது என்று சொன்னால் கேட்பவர் பேனல் பழுது என்றே முடிவு கட்டிவிடுவார். உண்மையில் அது சூட்டின் வேலை. சோதனைக்கூடத்தில் பேனலை 25 டிகிரியில் வைத்து அளக்கிறார்கள். நம் ஊரில் வெளியே 36 டிகிரி, வெயில் 900 வாட் என்றால், வழக்கமான சூத்திரத்தின்படி பேனலின் உள்ளே ஏறத்தாழ 64 டிகிரி. சிலிக்கன் பேனலில் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4% அளவுக்கு வெளியீடு இறங்கும் என்று வைத்தால், சூடு ஒன்றே 15 சதவீதத்துக்கு மேல் தின்றுவிடுகிறது. விளைச்சல் மொழியில் சொன்னால், வெயில் ஏராளம், மகசூல் ஏராளம், ஆனால் பதரும் கூட. ஆலைக்காரர் ஒரே வாக்கியத்தில் பிடித்துக்கொண்டார். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பேனல் ஆறிப்போய் விகிதம் ஏறுவதை அவரே வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

மகசூல் என்றே வைத்தால் என்ன என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தடையில்லை. அது பாரசீகம் வழியாக வந்த சொல் என்பதற்காக ஒதுக்கவும் மாட்டேன். எழுதும்போது என் கை விளைச்சலுக்குப் போகிறது, அவ்வளவே.

இழப்புகளுக்கும் பெயர் வேண்டும். பெரும்பாலானவை தகராறு இல்லாதவை. தூசுப்படிவு, நிழல், கம்பி இழப்பு என்றால் யாருக்கும் புரியும். (சூரிய மின் உற்பத்தியை மதிப்பிடும் அமெரிக்காவின் பிவிவாட்ஸ் கணினிக் கருவியை எதையும் மாற்றாமல் ஓட்டினால் மொத்த இழப்பு 14% என்று எடுத்துக்கொள்ளும், அதில் அழுக்குக்கு 2%தான். பஞ்சு பறக்கும் எங்கள் ஊர்க் கூரையை அவர்கள் பார்த்ததில்லை.) மிஸ்மேட்ச்சுக்கு ‘பொருந்தா இழப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ ஜாதகம் பார்த்தது போல இருக்கிறது. வரிசையில் ஒரு பேனல் நொண்டினால் மற்றவையும் அதன் ஓட்டத்துக்கே இறங்கிவர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ‘இணையா இழப்பு’ தேவலையா? சொல்லுங்கள்.

சிக்கிக்கொண்டது கிளிப்பிங். பேனல் 130 கிலோவாட், அதன் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் 100 என்று வேண்டுமென்றே சிறியதாகப் போடுவார்கள், செலவு மிச்சம். நடுப்பகலில் பேனல் 110 கொடுத்தாலும் இன்வெர்ட்டர் 100-க்கு மேல் வாங்காது. மீதியைக் குறைத்துவிடும். வரைபடத்தில் குன்று போல இருக்க வேண்டிய வளைவு, மேலே மேசை போலத் தட்டையாகிவிடும். ‘கத்தரித்தல்’ என்றால் மின்வெட்டு என்று நினைக்கிறார்கள்.

*யாழ்ப்பாணத்திலிருந்து:*

மதிப்பு விளைச்சல், கண்டுமுதல் இரண்டையும் ஏற்கிறேன். என் அடுத்த அறிக்கையில் போடுகிறேன். இணையா இழப்பும் நன்று. கிளிப்பிங்குக்கு ‘உச்சமட்டுப்படுத்தல்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதே வாய் வலித்தது.

*தஞ்சையிலிருந்து:*

மரக்காலில் நெல்லைக் கும்பமாக அள்ளி, மேலே நிற்பதை ஒரு கோலால் வழித்துவிட்டு அளப்பது தலைதட்டி அளப்பது. வழித்த நெல் தரையில் கிடக்கும், கணக்கில் வராது. உங்கள் இன்வெர்ட்டர் செய்வது அதுதானே? தலைதட்டல் என்று போடுங்கள். வரைபடத்தை ஆலைக்காரரிடம் காட்டிவிட்டு அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.