‘ஹோம்லி’ கேர்ள்: எங்க வீட்டு குரூப்பில் ஒரு சனிக்கிழமை ராத்திரி

குரூப்: கீழத்தெரு வீடு

*இரவு 8:42*

சித்தப்பா: எல்லாரும் பாருங்க. கவிதா பயோடேட்டா இங்கிலீஷ்ல ரெடி. மாப்பிள்ளை வீடு டல்லாஸாம். தரகர் இன்னிக்கே கேக்குறார்.

சித்தப்பா: “ஹோம்லி கேர்ள், ஸ்லிம், வீட்டிஷ் காம்ப்ளெக்‌ஷன். பாஸ்டு அவுட் ஆஃப் காலேஜ் இன் 2019. சாஃப்ட்வேர் என்ஜினியர், சென்னை. சிம்பிள் ஃபேமிலி.”

அம்மா: ரொம்ப நல்லா வந்திருக்கு தம்பி

அத்தை: சூப்பர் 🙏🙏

அருண் அண்ணன்: சித்தப்பா அனுப்பிடாதீங்க!! ஒரு நிமிஷம்

சித்தப்பா: ஏன்டா

அருண் அண்ணன்: ஹோம்லின்னா இங்க அமெரிக்கால வேற அர்த்தம்

அருண் அண்ணன்: பாக்க லட்சணமா இல்லாத பொண்ணுன்னு அர்த்தம்

அம்மா: என்னது

அத்தை: எம் மருமகளை யாருடா அப்படிச் சொன்னது

கவிதா: உங்க தம்பிதான் அத்தை 😂

சித்தப்பா: 30 வருஷமா பேப்பர் விளம்பரத்துல போடுறான். ஹோம்லின்னா குடும்பப் பாங்கான பொண்ணு. இது தெரியாதா எனக்கு?

ரம்யா: அப்பா, டிக்‌ஷனரில பாத்துட்டேன். அண்ணன் சொல்றது சரி. பிரிட்டன்ல ஹோம்லின்னா வீடு மாதிரி சுகமான, எளிமையான. அமெரிக்கால அழகில்லாத. உங்க அர்த்தம் நம்ம ஊர்ல மட்டும்தான்.

தாத்தா: 🎤 குரல் செய்தி (2:10)

அத்தை: சீரியல் ஓடுது, கேக்க முடியல. தாத்தா என்ன சொல்றார்னு யாராச்சும் எழுதுங்க

ரம்யா: சரி அத்தை. தாத்தா சொல்றது: சொல்லு நடந்து வந்த பாதை இது. முதல்ல வீட்டைச் சேர்ந்ததுன்னு இருந்தது. வீட்டுல இருக்கிறது ஆடம்பரமில்லாததுதானே, அதனால எளிமையானதுன்னு ஆச்சு. அப்புறம் அலங்காரமில்லாத முகம், அதுக்கப்புறம் பாக்க ஒண்ணுமில்லாத முகம். இதெல்லாம் இங்கிலாந்துலயே நடந்துச்சாம். அமெரிக்காக்காரன் கடைசி அர்த்தத்தைப் புடிச்சுக்கிட்டான். நாம நம்ம ‘குடும்பப் பாங்கை’ அதுக்குள்ள ஊத்திட்டோம்.

ரம்யா: இன்னொண்ணும் சொன்னார். பழைய தமிழ்ல நாற்றம்னா நல்ல மணம். இன்னிக்கு ஒருத்தர்கிட்ட “உங்க வீட்டுல நாத்தம் வருது”ன்னு சொல்லிப் பாருன்னார்.

அத்தை: 😂😂 அப்பாவுக்கு ரிட்டயர் ஆகியும் கிளாஸ் எடுக்குற ஆசை போகல

தாத்தா: உனக்கு நான் எடுத்த கிளாஸ்தான் ஒண்ணும் ஏறலை.

*இரவு 9:05*

கவிதா: சித்தப்பா, ஸ்லிம்மையும் எடுங்க. நான் 68 கிலோ. நேர்ல வந்து பாத்தா யாருக்கு அசிங்கம்?

சித்தப்பா: சரி, வேற வார்த்தை போட்டுடுவோம். ரம்யா, ஸ்லிம்முக்கு சினானிம் சொல்லு

ரம்யா: தின், லீன், ஸ்லெண்டர், ஸ்கின்னி

சித்தப்பா: ஸ்கின்னி புதுசா இருக்கு. அதைப் போடவா?

அருண் அண்ணன்: 🤦

தாத்தா: ரம்யா, நீ மத்திய அரசு வேலைக்கு எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறது இப்படித்தானா? ஒரே வரியில நாலு வார்த்தையை எழுதி எல்லாம் ஒண்ணுன்னு?

ரம்யா: புக்லயே அப்படித்தான் தாத்தா இருக்கு. எஸ்.எஸ்.சி.யோட சி.ஜி.எல். பரீட்சை முதல் கட்டத்துல இங்கிலீஷ் 25 கேள்வி. தப்புக்கு அரை மார்க் போயிடும். வேகமா மனப்பாடம் பண்ணாத்தான் முடியும்

தாத்தா: அப்படின்னா தமிழ்ல சொல்லு. ஒல்லி, சிக்குன்னு, கொடி மாதிரி, எலும்பும் தோலும், நோஞ்சான். எல்லாம் ஒண்ணா?

ரம்யா: இல்ல தாத்தா 😬

தாத்தா: தின் வெறும் ஒல்லி, புகழ்ச்சியும் இல்லை பழியும் இல்லை. ஸ்லிம் சிக்குன்னு இருக்கிறது. ஸ்லெண்டர் கொடி மாதிரி. லீன் கொழுப்பில்லாத உடம்பு, ஓட்டக்காரனுக்குச் சொல்லலாம். ஸ்கின்னி எலும்பும் தோலும். உங்கப்பன் கல்யாணப் பொண்ணுக்கு அதைப் போடப் பாத்தான்.

சித்தப்பா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கவிதா: என்ன சித்தப்பா டெலீட் பண்ணீங்க

சித்தப்பா: ஒண்ணுமில்லம்மா

ரம்யா: தாத்தா ஒரு டவுட். ஒரே விஷயத்துக்கு அவங்களுக்கு எதுக்கு இத்தனை வார்த்தை?

அத்தை: கேட்டுட்டியா, போச்சு

தாத்தா: 🎤 குரல் செய்தி (3:36)

அருண் அண்ணன்: இந்த தடவை நான் எழுதுறேன். 1066ல பிரான்ஸ் பக்கம் நார்மண்டிலேர்ந்து வில்லியம் வந்து இங்கிலாந்தைப் புடிச்சான். அரண்மனையில பிரெஞ்சு, வயக்காட்டுல பழைய இங்கிலீஷ். ஆடு மேய்ச்சவன் ஷீப்னான், அதைத் தட்டுல வாங்கித் தின்னவன் மட்டன்னான். கவ், பீஃப் அப்படித்தான். பிக், போர்க் அப்படித்தான். சர்ச்சும் படிப்பும் லத்தீன்ல நடந்ததால அதுலேர்ந்தும் வார்த்தை வந்து சேந்துச்சு.

கவிதா: இரு இரு. நம்மளும் அதானே பண்றோம்? ஆடு மேயுது, ஆனா ஓட்டல்ல மட்டன். கோழி கூவுது, தட்டுல சிக்கன்

அருண் அண்ணன்: அதையேதான் தாத்தாவும் சொன்னார்! அடுத்தது சோறு, சாதம், ரைஸ். வீட்டுல சோறு, பந்தியில சாதம், பஃபேல ரைஸ். ஒரே அரிசி, மூணு மரியாதை

அம்மா: ஆமா. உங்கப்பா ஆபீஸ்காரங்க வந்தா “சாதம் வைக்கட்டுமா”ன்னுதான் வாய்ல வரும்

தாத்தா: அதேதான் ஆஸ்க், க்வெஸ்சன், இன்டராகேட். முதல்லது நாட்டுச் சொல்லு, ரெண்டாவது பிரெஞ்சு வழி, மூணாவது லத்தீன். வழி கேட்டா ஆஸ்க். சந்தேகப்பட்டுக் கேட்டா க்வெஸ்சன். ஸ்டேஷன்ல உக்கார வச்சுக் கேட்டா இன்டராகேட்.

கவிதா: அத்தை மாப்பிள்ளை வீட்டுல பண்ணப் போறது மூணாவது 😂

அத்தை: கேக்க வேண்டியதைக் கேக்கத்தான் செய்வேன். சம்பளம் கேக்கக் கூடாதா?

*இரவு 9:31*

அருண் அண்ணன்: பாஸ்டு அவுட்டையும் மாத்துங்க. 2019ல மயங்கி விழுந்துட்டான்னு நினைப்பாங்க

ரம்யா: ஆனா பரங்கிமலைல பட்டாள ஆபீசர்களுக்குப் பயிற்சி குடுக்குற ஓ.டி.ஏ.ல பாஸிங் அவுட் பரேடுன்னுதானே சொல்றாங்க?

தாத்தா: நல்ல கேள்வி. அது பயிற்சி முடிச்சு வெளிய வர்றது. பிரிட்டன் பட்டாளத்துலயும் அப்படித்தான் சொல்லுவான். பட்டாளத்துக்குச் சரி, காலேஜுக்கு கிராஜுவேட்டட்னு போட்டுட்டா எந்த ஊர்லயும் சந்தேகம் வராது.

கவிதா: வீட்டிஷ் வேண்டாம்

அம்மா: ஏன்டி, கோதுமை நிறம்னா மாநிறம்தானே

அருண் அண்ணன்: சித்தி, அந்த வார்த்தையே நம்ம ஊர்ச் சரக்கு. இங்க சொன்னா ரொட்டியான்னு கேப்பாங்க

கவிதா: புரிஞ்சாலும் வேண்டாம். என் நிறத்தை நான் எழுதப் போறதில்ல. போட்டோ இருக்குல்ல

அம்மா: …சரி

சித்தப்பா: எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் என்னதான் இருக்கு? கீழ ரெஃபரன்ஸ்ல “கோ-பிரதர் இன் டல்லாஸ்”னு என் சகலையைப் போட்டிருக்கேன். அதாவது இருக்கட்டுமா?

ரம்யா: அப்பா, கோ-பிரதரும் நம்ம கண்டுபுடிப்புதான் 🙈

தாத்தா: அவன் மேல தப்பில்லை. மச்சான், கொழுந்தன், சகலை எல்லாருக்கும் சேத்து அவங்ககிட்ட பிரதர் இன் லா ஒண்ணுதான் இருக்கு. நமக்குப் பத்தலை, செஞ்சுக்கிட்டோம். தரகருக்குப் புரியும், இருக்கட்டும்.

சித்தப்பா: அப்பாடா, ஒண்ணாவது தேறுச்சு

தாத்தா: கவிதா, அடைமொழி ஒண்ணுமே வேண்டாம்மா. வினைச்சொல்லா எழுது. நீ என்ன செய்யிறியோ அதை.

கவிதா: சரி தாத்தா. நானே எழுதி அனுப்புறேன்

*இரவு 9:58*

கவிதா: “ஐ கிராஜுவேட்டட் இன் 2019. ஐ ரைட் சாஃப்ட்வேர் இன் சென்னை. ஐ க்ரோ பிரிஞ்சால்ஸ் ஆன் மை டெரஸ். ஐ குக் வென் ஐ ஃபீல் லைக் இட்.”

அருண் அண்ணன்: செம. பிரிஞ்சால் மட்டும் இங்க எக்பிளான்ட். லண்டன்ல ஓபர்ஜீன்

கவிதா: என் செடி, என் கத்தரிக்கா. பிரிஞ்சால்தான்

தாத்தா: 👍

அம்மா: கடைசி வரி எதுக்குடி? தோணுனாத்தான் சமைப்பாளாம்னு நினைக்க மாட்டாங்க?

கவிதா: அர்த்தமே அதுதான்மா

அத்தை: மதினி, இருக்கட்டும் விடுங்க. பின்னாடி தெரியிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும்

*இரவு 10:20*

சித்தப்பா: தரகர் மாப்பிள்ளை பயோடேட்டா அனுப்பிருக்கார். பையனே எழுதினதாம். 9 வருஷமா டல்லாஸ்ல இருக்கான்

சித்தப்பா: கடைசி வரி மட்டும் பாருங்க. “லுக்கிங் ஃபார் எ ஹோம்லி கேர்ள்.”

அருண் அண்ணன்: 9 வருஷமாவா??

ரம்யா: 😂😂😂😂

சித்தப்பா: நான் ஒண்ணும் சொல்லலப்பா

தாத்தா: எந்த ஊர் அர்த்தத்துல எழுதினார்னு கேளுங்க.

கவிதா: தாத்தா, அதை அத்தை இன்டராகேட் பண்ணட்டும்