டைபாய்டு ஊசி: பழையதையே போடுவதா, கான்ஜுகேட்டுக்கு மாறுவதா?

மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 5 வயது. 2 வயதில் டைபாய்டு ஊசி போட்டோம். போன மாதம் மாடி வீட்டுப் பையனுக்கு டைபாய்டு வந்து, 9 நாள் காய்ச்சலில் துவண்டுபோனான். இரண்டு வீட்டுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். லேபிள் மங்கிவிட்டது, 'விஐ பாலிசாக்கரைடு' (டைபாய்டு கிருமியின் மேலுறைச் சர்க்கரையிலிருந்து செய்யும் பழைய வகை ஊசி) என்பது மட்டும் தெரிகிறது. அதை 3 வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். இந்த மாதம் கெடு முடிகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டேன், அரசு அட்டவணையில் இந்த ஊசி இல்லை என்றார்கள். ஒரு டாக்டர் பழையதையே போடச் சொல்கிறார். இன்னொருவர், "கான்ஜுகேட் (அதே சர்க்கரையோடு ஒரு புரதத்தை இணைத்த புது வகை ஊசி) போடுங்கள், 6 மாதக் குழந்தைக்கே போடலாம், பாதுகாப்பும் கூடுதல் நாள் நிற்கும்" என்கிறார். வாய்வழி டைபாய்டு தடுப்பு மருந்து கேப்ஸ்யூல் 6 வயதுக்கு மேல்தானாம், அதனால் அதை விட்டுவிட்டேன். வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம். ஆனால் பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் பாட்டிலை வாங்கிக் குடிப்பவளை நான் எப்படித் தடுப்பேன்?

இங்கே குழந்தை மருத்துவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: முன்பு பாலிசாக்கரைடு போட்ட குழந்தைக்கு இப்போது கான்ஜுகேட் ஒரு டோஸ் போட்டால் போதுமா?