காலியாவை ரோம் வாழவைத்ததா, அழித்ததா?

காவிரிக்கரையான்:
மகள் லியோனில் இருக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, நீம் நகரத்துப் பக்கம் உள்ள போன் து காருக்கும் போய்வந்தோம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் ஆற்றின் குறுக்கே கட்டிய வாய்க்கால் பாலம் அது. மூன்று அடுக்கு வளைவுகள், 49 மீட்டர் உயரம். தண்ணீர் ஓடியது உச்சி அடுக்கில். உசேஸ் ஊற்றிலிருந்து நீம் வரை வாய்க்காலின் நீளம் 50 கி.மீ. இவ்வளவு தூரத்துக்கும் மொத்த இறக்கம் 13 மீட்டர்கூட வராது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாண், கொஞ்சம் கூட. எங்கள் வயலில் நூறடி வாய்க்காலுக்கு வாட்டம் பார்க்கவே அப்பா இரண்டு நாள் மல்லுக்கட்டுவார். அங்கே நின்றபோது கண் கலங்கிவிட்டது.

சீசர் காலியாவை (இன்றைய பிரான்ஸும் சுற்றுப்புறமும்) பிடித்தது கொடுமைதான். ஆனால் அந்த மண்ணை வாழவைத்ததும் ரோம்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

மதுரைக்காரி:
ஐயா, நான் மறுக்கிறேன். பாலத்தைப் பார்த்தீர்கள், அலேசியாவையும் பாருங்கள்.

கி.மு. 52. காலியர்களின் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ் தன் படையோடு அலேசியா குன்றில் இருக்கிறான். சீசர் குன்றைச் சுற்றி 16 கி.மீ.க்கு ஓர் அரண் எழுப்புகிறார். வெளியிலிருந்து உதவிப்படை வரும் என்று தெரிந்ததும், தன் முதுகுக்குப் பின்னால் 21 கி.மீ.க்கு இன்னோர் அரண். ஊருக்குள் தானியம் தீர்கிறது. போராட முடியாதவர்களைக் காலியர்களே வெளியே தள்ளுகிறார்கள். அவர்கள் யார் தெரியுமா? அந்த ஊரின் சொந்தக்காரர்களான மந்துபியர், பெண்டு பிள்ளைகளோடு. ரோமானிய அரணுக்கு வந்து, "எங்களை அடிமையாகவாவது எடுத்துக்கொள்ளுங்கள், சோறு போடுங்கள்" என்று அழுகிறார்கள். சீசர் காவல் போட்டு, உள்ளே விடாதே என்கிறார். இதை எதிரி யாரும் எழுதவில்லை. சீசரே தன் போர்க்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நடுவெளியில் அவர்கள் செத்துப்போனதை பிற்கால ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ சொல்கிறார்.

ஊர் விழுந்த பிறகு படைவீரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு கைதி பங்காகக் கிடைத்தான். வெர்சிங்கெடோரிக்ஸை ஆறு வருடம் சிறையில் வைத்திருந்து, கி.மு. 46இல் வெற்றி ஊர்வலத்தில் நடத்திக் காட்டிவிட்டுக் கொன்றார்கள்.

காவிரிக்கரையான்:
படிக்கவே நெஞ்சு அடைக்கிறது அம்மா. ஆனால் அந்தக் காலத்தை அந்தக் காலத்து அளவுகோலால்தானே அளக்க வேண்டும்? காலியர்களும் கி.மு. 390 வாக்கில் ரோமுக்குள் புகுந்து கொளுத்தினார்கள், தங்கத்தை எடைபோட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஒரு சாடி திராட்சை மதுவுக்கு ஓர் அடிமையைக் கொடுத்தவர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார்.

அப்புறம் இன்னொன்று. லியோன் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. 1528இல் கிடைத்தது. காலியாவின் பெருங்குடியினரை ரோம் செனட்டில் சேர்க்கச் சொல்லி கிளாடியஸ் பேரரசர் கி.பி. 48இல் பேசிய பேச்சு அதில் வெட்டியிருக்கிறது. அவர் பிறந்ததே லியோனில். தோற்றவனின் பேரனை ஆட்சி மன்றத்தில் உட்காரவைத்த பேரரசுகள் எத்தனை?

நாணயப்பித்தன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். லியோன் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. அன்று அதன் பெயர் லுக்துனும், பெரிய அக்கசாலை (காசு அடிக்கும் இடம்) இருந்த ஊர். நம் கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைக்கும் ரோமப் பேரரசர் திபெரியஸின் வெள்ளிக்காசு, ஒரு பக்கம் அரசர் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம், அங்கே அடிக்கப்பட்டதுதான். காலியாவில் அச்சான காசு கரூர்ப் பக்கம் வரை வந்திருக்கிறது!

விவாதத்துக்கு என் பங்கு: சீசர் காலியாவின் கோயில்களைக் கொள்ளையடித்துக் கொண்டுபோன தங்கம் அளவுக்கு மீறிப்போய், ராத்தல் 3,000 செஸ்டெர்ஸ் (ரோமானியக் காசு) வீதம் விற்றார் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ். ஊர்களை அழித்ததும் பெரும்பாலும் கொள்ளைக்காகவே என்று அவர் எழுதுகிறார். அவர் ரோமானியர்.

மதுரைக்காரி:
நண்பர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்தக் காலத்து அளவுகோல் என்கிறீர்கள், சரி. கி.மு. 55இல் சமாதானம் பேச வந்த தலைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, உசிபெத்தர், தெங்க்தெரர் என்ற இரண்டு ஜெர்மானியக் குடிகளின் பாளையத்தில் சீசர் புகுந்தார். பெண்களையும் பிள்ளைகளையும் துரத்திப் பிடிக்கக் குதிரைப்படையை அனுப்பினார். செய்தி ரோமுக்கு வந்தபோது செனட் உறுப்பினர் கேட்டோ எழுந்து, சீசரை அந்த மக்களிடமே ஒப்படையுங்கள் என்றார். சீசர்மேல் அவருக்கு அரசியல் பகை இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தச் செனட்டில், அந்த வருடத்திலேயே, இது தப்பு என்று சொல்ல ஆள் இருந்தது.

கிளாடியஸ் பேசியது அலேசியாவுக்கு நூறு வருடம் கழித்து. அதே கிளாடியஸ்தான் காலியப் பூசாரிகளான துருயிதுகளின் சமயத்தை ஒழித்ததும். காலிய மொழி இன்று எங்கே?

காவிரிக்கரையான்:
கேட்டோ விஷயம் எனக்குப் புதிது. "அந்தக் காலத்து அளவுகோல்" என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

மொழியில் மட்டும் ஒரு சின்ன மறுப்பு. தெற்கே லா கிரோஃபெசாங்க் என்ற இடத்தில் குயவர்கள் சூளைக் கணக்கைத் தட்டிலேயே கீறி வைத்திருக்கிறார்கள். எழுத்து ரோமானியர் எழுத்து. எந்தக் குயவன், எத்தனை தட்டு, எத்தனை கிண்ணம் என்று வரிசையாக வரும். ஆனால் இத்தனையாவது சூளை என்று எண்ணுவது காலிய மொழியில்! முதலாவதுக்கு "சிந்துக்ஸ்". சீசர் போய் நூறு வருடம் கழித்தும் வேலைத்தலத்தில் அந்த மொழி புழங்கியிருக்கிறது.

மதுரைக்காரி:
இது தெரியாது ஐயா, நன்றி. அந்தத் தட்டுகளை நானும் தேடிப் பார்க்கிறேன். ஆனால் அது அந்தக் குயவர்கள் காப்பாற்றி வைத்தது. ரோம் கொடுத்ததில் அதைச் சேர்க்க நான் ஒப்பமாட்டேன்.

காவிரிக்கரையான்:
சேர்க்கவில்லை அம்மா. அலேசியா இன்று பர்கண்டியில் அலீஸ் சாந்த் ரேன் என்ற சின்ன ஊர், திஜோனுக்குப் பக்கம். அடுத்த முறை மகளை அழைத்துக்கொண்டு அங்கேதான் முதலில் போகிறேன்.