உதவி தேவை: மெர்டேக்கா லீவில் பினாங்கு தாமான் நெகாராவில் ஒரு ராத்திரி, 12 வயசு பையனோட

செந்தூல்_மாமா:

வணக்கம். கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்லேர்ந்து எழுதுறேன். போன வருஷம் அக்கா மகன்கிட்ட "உன்னைக் காட்டுல கூடாரம் போட்டுப் படுக்க வைக்கிறேன்"னு வாய் விட்டுட்டேன். இப்போ அவனுக்கு 12 வயசு. தினமும் காலண்டரைக் காட்டுறான். இந்தத் தடவை மெர்டேக்கா (சுதந்திர தினம்), ஆகஸ்ட் 31, ஞாயித்துக்கிழமை வருது, திங்களும் லீவு. இதை விட்டா எனக்கு வேற லீவு கிடையாது.

திட்டம் இதுதான். வெள்ளி சாயங்காலம் கேஎல் சென்ட்ரல்லேர்ந்து இடிஎஸ் ரயில், பட்டர்வொர்த்ல சித்தி வீட்டுல படுக்கை. சனி காலையில ஃபெரி ஏறி, ஜெட்டியில 101 பஸ் பிடிச்சு தெலுக் பஹாங். பத்து மணிக்கு தாமான் நெகாரா, அதாவது தேசியப் பூங்காவுக்குள்ள. முதல்ல மங்கி பீச், அங்கேர்ந்து மேல ஏறி முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், அப்படியே அந்தப் பக்கம் இறங்கி பந்தாய் கெராச்சுட் கடற்கரை, அங்க கூடாரம். ஞாயிறு காலையில போட்ல திரும்பிடலாம். மேப்புல பார்த்தா எல்லாம் விரல் அகலத்துலதான் இருக்கு.

சந்தேகம் மூணு. ஒண்ணு, கூட்டம். கூட வேலை செய்யிறவர் ஒரு லீவு நாள்ல மங்கி பீச் போயிட்டு, "பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) நடந்த மாதிரி இருந்துச்சு"ன்னார். ரெண்டு, பை. நேத்து கட்டி வீட்டுத் தராசுல வெச்சேன். 16 கிலோ, தண்ணி இல்லாம. மூணு, குரங்கு. பையனுக்குப் பயம் இல்ல, எனக்குத்தான்.

அவசரக்குடுக்கை:

ரொம்ப யோசிக்காதீங்க பாஸ். சாயங்காலம் போட் பிடிச்சு கெராச்சுட்ல இறங்கி, ஓரமா கூடாரம் போட்டுப் படுங்க. பெர்மிட்லாம் யாரு வந்து கேக்கப் போறா.

கடலோர_அண்ணன்:

மேல எழுதினவர் சொன்னதைச் செய்யாதீங்க தம்பி. நான் தெலுக் பஹாங்லயே பொறந்து வளர்ந்தவன். வாசல்ல வனவிலங்குத் துறையோட பெர்ஹிலித்தான் கவுண்டர் இருக்கு. அங்க பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், எங்க போறீங்க, எப்ப திரும்புறீங்கன்னு எழுதுறது சும்மா சடங்குக்காக இல்ல. சாயங்காலம் நீங்க திரும்பலன்னா அந்த ஒரு வரியை வெச்சுத்தான் தேடி வருவாங்க. பேரே எழுதாதவனை யாரு தேடுவா? அதுவும் கூட ஒரு பிள்ளை. முகாம் அனுமதி தனி. எந்தக் கரையில போடலாம்னு அவங்கதான் சொல்லணும், அதனால முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு வெச்சுக்குங்க. மைகார்டு, அதான் அந்த ஐசி, ரெண்டு பேருதும் எடுத்துட்டுப் போங்க.

இப்போ உங்க திட்டத்துக்கு வரேன். மேப் உங்களை ஏமாத்திருச்சு. உள்ள போனதும் கொஞ்ச தூரத்துல பாதை ரெண்டாப் பிரியும். நேரா கடலை ஒட்டிப் போறது மங்கி பீச், அதாவது தெலுக் டுயோங். வழியில யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தோட கடல் ஆராய்ச்சி நிலையம் வரும். இடது பக்கம் மலை ஏறி மேற்குக் கரையில இறங்குறது கெராச்சுட். கலங்கரை விளக்கத்துலேர்ந்து "அப்படியே அந்தப் பக்கம்" இறங்குறதுக்கு நீங்க நம்பிப் போற மாதிரி பாதை இல்ல. திரும்பப் பிரிவுக்கே வரணும். கடலோரப் பாதையும் தட்டைன்னு நினைக்காதீங்க, பாறையும் வேருமா ஏறி இறங்கும். மங்கி பீச்சுக்கே பிள்ளையோட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல. கலங்கரை விளக்கத்துக்கு ஏறுறது தூரம் கம்மி, ஆனா செங்குத்து, 200 மீட்டருக்கு மேல உயரம். 1883ல வெள்ளைக்காரன் கட்டினது. அதுக்கு மேல கெராச்சுட் நடை இன்னொரு ஒன்றரை மணி. 16 கிலோவோட இது எல்லாம் ஒரே நாள்லன்னா பையன் இனிமே உங்களை மாமான்னு கூப்பிட மாட்டான்.

ரெண்டுல ஒண்ணை எடுங்க. படுக்கைக்கு கெராச்சுட். விளக்கத்தை இன்னொரு வருஷத்துக்கு வெச்சுக்குங்க, ஓடிப் போகாது.

இன்னொண்ணு. 2017 நவம்பர் பெருமழைக்கு அப்புறம் இந்த மலையில மண் சரியிறது நடக்கிற காரியம்தான். பாதையோ மரத்து மேல தொங்குற பாலமோ திடீர்னு மூடிடுவாங்க. போன்ல கேக்குறப்ப இதையும் கேளுங்க. பாதை மூடியிருந்தா போறதும் வர்றதும் போட்லதான்.

செந்தூல்_மாமா:

நன்றி அண்ணே. கலங்கரை விளக்கத்தைத் திட்டத்துலேர்ந்து வெட்டியாச்சு. பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு, ஆனா ஏத்துக்கிட்டான். கூட்டத்துக்கு என்ன வழி? சனிக்கிழமை விடிகாலையிலயே போயிடட்டா?

கடலோர_அண்ணன்:

கூட்டம் இடத்துல இல்ல தம்பி, நேரத்துல இருக்கு. நான் பார்த்த வரைக்கும் லீவு நாள்ல ஜனம் பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும்தான். போட்ல வந்து, மங்கி பீச்ல கோழி வாட்டிச் சாப்பிட்டுட்டு, கடைசி போட்ல கிளம்பிடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கெராச்சுட்ல நண்டு நடக்கிற சத்தம் கேக்கும். நீங்களும் காலை பத்து மணிக்குப் போனா கூட்டத்தோட கூட்டமாப் போறீங்க. ஒரு நாள் தள்ளிப் போடுங்க. சனி சித்தி வீட்டுல இருங்க. ஞாயிறு மதியம் கவுண்டர்ல பதிஞ்சு நடக்க ஆரம்பிங்க, மூணரைக்குள்ள கரைக்குப் போயிடலாம். நீங்க போறப்ப எதிர்ல ஜனம் வந்துக்கிட்டு இருக்கும். திங்கள் காலையில அவங்க உள்ள வர்றப்ப நீங்க வெளிய. ரொம்பப் பிந்தியும் கிளம்பாதீங்க, மதியத்துக்கு மேல உள்ள விடுறதுக்கு நேரக் கணக்கு உண்டு, அதையும் கேட்டுக்குங்க.

ஆனா பஸ்ஸைப் பத்தி ஒரு வார்த்தை. 101 பத்து ஃபெரிங்கி வழியாத்தான் வரும். சாதாரண நாள்ல ஜெட்டியிலேர்ந்து ஒரு மணி நேரம், சொச்சம். லீவு நாள்ல ஃபெரிங்கி ரோடு நகராது. எட்டரைக்கே பஸ் ஏறிடுங்க. தெலுக் பஹாங்ல ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டுக் காத்திருந்தாலும் பரவால்ல.

கைலிக்கட்டு:

16 கிலோவா? ஒரு ராத்திரிக்கு? உள்ள என்ன வெச்சிருக்கீங்கன்னு எழுதுங்க. சிரிக்க மாட்டேன்.

செந்தூல்_மாமா:

நாலு பேர் கூடாரம் (ஆஃபர்ல வாங்கினது), தூக்கப் பை ரெண்டு, கேஸ் அடுப்பு, சட்டி ரெண்டு, மடக்கு நாற்காலி ஒண்ணு, ஜீன்ஸ், போர்வை, பவர் பேங்க் ரெண்டு, மேகி ஒரு கட்டு, அரிசி ஒரு கிலோ, அம்மா கொடுத்த சம்பல் கண்ணாடி போத்தல்ல.

கைலிக்கட்டு:

சிரிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க.

நாற்காலி யாருக்கு, குரங்குக்கா? எடுத்து வெளிய வைங்க. தூக்கப் பை ரெண்டும் வெளிய. இங்க கடற்கரையில ராத்திரி 24, 25 டிகிரிக்குக் கீழ போகாது. ஆளுக்கு ஒரு கைலி போதும். அதுதான் போர்வை, துண்டு, உடுப்பு மாத்துற மறைப்பு. ஜீன்ஸ் நனைஞ்சா ரெண்டு கிலோ ஆகும், காயவும் காயாது. அரிசியை விடுங்க. ஞாயிறு ராத்திரிக்கு அம்மாகிட்ட புளிச்சோறு கேளுங்க, கெட்டுப் போகாது. திங்கள் காலைக்கு மேகி. சட்டி ஒண்ணு போதும். கூடாரத்தைப் பிரிச்சுச் சுமங்க. கம்பி பையன் பையில, துணி உங்க பையில. பையன் மூணு கிலோவுக்கு மேல தூக்க வேணாம்.

இப்படிக் குறைச்சதைத் தண்ணியில போடுங்க. நடைக்கும் ராத்திரிக்கும் ஆளுக்கு மூணு லிட்டர். தண்ணிதான் உங்க உண்மையான சுமை, மத்ததெல்லாம் ஆசை.

பாகான்_டீச்சர்:

பள்ளிப் பிள்ளைகளை முகாமுக்குக் கூட்டிட்டுப் போன அனுபவத்துல சொல்றேன் தம்பி.

ஓடைத் தண்ணி பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்படியே குடிக்க விடாதீங்க. எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல், மலாய்க்காரங்க கென்சிங் திகுஸ் காய்ச்சல்னு சொல்வாங்களே, அது ஓடையில, சேத்துல இருக்கும். நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும். கால்ல புண் இருந்தா பிளாஸ்டர் ஒட்டிட்டு நடக்கட்டும்.

குரங்கு விஷயம். இங்க ரெண்டு வகை பார்ப்பீங்க. கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் போட்ட கருப்புக் குரங்கு, லோத்தோங், அது மரத்து மேல இலை தின்னுக்கிட்டு உங்களைக் கண்டுக்காது. கீழ வர்றது நீள வால் குரங்குதான். அதுக்கு ஜிப் திறக்கத் தெரியும், நான் கண்ணால பார்த்திருக்கேன். பிளாஸ்டிக் பை சலசலன்னா அதுக்குச் சாப்பாட்டு மணி அடிச்ச மாதிரி. பழைய பெயின்ட் வாளி, இறுக்கி மூடுறது, ஒண்ணு நல்லாக் கழுவி எடுத்துட்டுப் போங்க. சாப்பாடு, குப்பை, பற்பசை எல்லாம் அதுக்குள்ள. கூடாரத்துக்குள்ள ஒரு பிஸ்கட் தூள்கூட இருக்கக் கூடாது. கண்ணைப் பார்த்து முறைக்காதீங்க, பல்லைக் காட்டிச் சிரிக்காதீங்க, அதுக்கு அது சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி. கடிச்சாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி.

கெராச்சுட்ல குளிக்க இறங்க விடாதீங்க. உள்ளிழுப்பு பலமா இருக்கும், ஜெல்லி மீனும் உண்டு. பையன் கேப்பான், அதனால கரைக்குப் பின்னாடி இருக்கிற ஏரியைக் காட்டுங்க. மேல நல்ல தண்ணி, அடியில கடல் தண்ணி. உப்புத் தண்ணி கனம், அதனால ரெண்டும் கலக்காம அடுக்கா நிக்கும். சில மாசத்துல வத்திக் கிடக்கும், அப்ப வெறும் சேறுதான் தெரியும், ஏமாந்துடக் கூடாது.

ஜெராந்துட்_வாசி:

இதுக்கு பினாங்கு வரைக்கும் ஏன் போகணும்? பஹாங் தாமான் நெகாராவுக்கு, கோலா தஹான் வாங்க. 4,343 சதுர கிலோமீட்டர் காடு, எவ்வளவு ஜனம் வந்தாலும் முழுங்கிடும். காட்டுக்குள்ள பும்பூன்ல, மிருகம் பார்க்கிற குடில்ல, ராத்திரி படுக்கலாம்.

கைலிக்கட்டு:

ரத்தம் குடிக்கிற அட்டையைப் பத்தி ஏன் சொல்லல?

ஜெராந்துட்_வாசி:

அதை வந்து பார்த்துக்கட்டும்னுதான்.

கடலோர_அண்ணன்:

கோலா தஹான் நல்ல இடம்தான், ஆனா முதல் ராத்திரிக்குக் கடல் சத்தம் போதும். விட்டுப் போன ரெண்டு விஷயம்.

ஆகஸ்ட்ல சுமத்ரா காத்து வரும். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியுறதுக்கு முன்னாடி அடிக்கும், கெராச்சுட் மேற்கே பார்த்த கரை. வானம் சுத்தமா நட்சத்திரத்தோட இருக்கும், மூணு நாலு மணிக்குத் திடீர்னு காத்து, பின்னாடியே மழை. ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல ஓஞ்சிடும். அதனால மணல் ஓரத்துல போடாம மேல மரத்துக்குக் கீழ போடுங்க. தலைக்கு மேல காஞ்ச கிளை இருக்கான்னு பாருங்க. கயிறு எல்லாத்தையும் கட்டுங்க, சோம்பேறித்தனமா ரெண்டை விட்டுடாதீங்க. கடல் ஏத்தமும் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி அதிகம் ஏறும், அரை நிலாவுக்குக் குறைச்சல். அம்மா அடுப்படியில தமிழ் நாள்காட்டி தொங்குமே, அதைப் பார்த்தாலே போதும்.

அடுத்தது ஆமை. கெராச்சுட்ல மீன்வளத் துறையோட ஆமைப் பொரிப்பகம் இருக்கு. பச்சை ஆமை ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் முட்டை போட ராத்திரி கரையேறும். நீங்க போறது கடைசிப் பகுதி, இருந்தாலும் மணல்ல டார்ச் அடிக்காதீங்க, நெருப்பு போடாதீங்க. வெளிச்சத்தைப் பார்த்தா தாய் ஆமை திரும்பிடும். விளக்கு மேல சிவப்புத் தாள் ஒட்டிக்குங்க.

அகாஸ்ங்கிற பொடிக் கடிப்பூச்சிக்கு மருந்து மறந்துடாதீங்க. கண்ணுக்குத் தெரியாது, மறுநாள் அரிக்கும்.

செந்தூல்_மாமா:

(ஒரு வாரம் கழிச்சு)

போயிட்டு வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி. பை 9 கிலோ, தண்ணி தனி. போன் போட்டு அனுமதி வாங்கினேன், பாதை திறந்திருந்துச்சு. ஞாயிறு ஒரு மணிக்கு நடக்க ஆரம்பிச்சோம். அண்ணன் சொன்ன மாதிரியே எதிர்ல வரிசையா ஜனம், எல்லாரும் "இன்னும் கொஞ்சம்தான்"னு பொய் சொல்லிட்டே போனாங்க. ஏத்தத்துல நான்தான் நாலு தடவை உக்காந்தேன், பையன் ரெண்டு தடவை.

அஞ்சு மணிக்கு மேல கரையில எங்களையும் சேர்த்து நாலு கூடாரம். ஏரி வத்திப் போய்க் கிடந்துச்சு. டீச்சர் முன்னாடியே சொன்னதால அவன் அதையும் பெரிய விஷயமா எல்லாருக்கும் விளக்கிட்டு இருந்தான். பக்கத்துக் கூடாரத்து சீனக் குடும்பம் பொறுமையாக் கேட்டாங்க. ஆமை வரல. ஒன்பது மணிக்கு அவன் தூங்கிட்டான். நான் பன்னிரண்டு வரைக்கும் அலையைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன்.

நாலே கால் மணிக்குக் காத்து. கயிறு எல்லாம் கட்டியிருந்தேன், ஒண்ணைத் தவிர. அந்த ஒரு மூலையை ஐம்பது நிமிஷம் கையால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பையன் முழிக்கவே இல்ல.

காலையில மேகி சட்டியைத் திறந்து வெச்சுட்டுத் திரும்புறதுக்குள்ள ஒரு பெரிய குரங்கு வாளி மேல ஏறி உக்காந்துச்சு. மூடியை நோண்டிப் பார்த்துச்சு, முடியல. போற போக்குல வெளிய வெச்சிருந்த சம்பல் போத்தலைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அம்மாகிட்ட நாங்களே தீத்துட்டோம்னுதான் சொல்லியிருக்கோம். வாளி மூடியில நகக் கீறல் மூணு இருக்கு, அதைத் தேய்ச்சுக் கழுவக் கூடாதுன்னு அவன் உத்தரவு.

கலங்கரை விளக்கத்துக்கு எந்த மாசம் நல்லதுன்னு கேக்கச் சொல்றான்.