லாரி ரசீதில் "1 லோடு" என்று இருக்கிறது, ஒரு மூட்டை குறைகிறது. என்ன செய்வது?

சாயல்குடிவாசி:
வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் கருப்பட்டி, முண்டு மிளகாய் வத்தல், கொஞ்சம் கருவாடு வாங்கி சென்னைக் கடை ஒன்றுக்குப் பார்சல் லாரியில் அனுப்புகிறேன். போன வாரம் புக்கிங் ஆபீஸ் பையன் ரசீதில் "மளிகைச் சரக்கு, 1 லோடு" என்று கிறுக்கிக் கொடுத்தான். என் பில்லில் வத்தல் 8 மூட்டை, கருப்பட்டி 6 பெட்டி, கருவாடு 2 பெட்டி. கடைக்காரர் வத்தல் 7 மூட்டைதான் வந்தது என்கிறார். ஆபீஸில் கேட்டால், "ஏத்தின லோடு அப்படியே இறங்கிருச்சு, ரசீதைப் பாருங்க" என்று முடித்துவிட்டார்கள். இதற்கு வழி உண்டா? சரக்கு, லோடு, சிப்பம், உருப்படி இதில் எதை எங்கே எழுத வேண்டும்?

பரமக்குடி புக்கிங்:
நான் இதே வேலையில் இருப்பவன்தான். லோடு என்றால் வண்டி கொள்ளும் அளவு. ஒரு லோடு மணல், ஒரு லோடு செங்கல் என்றால் சரி, வண்டி முழுக்க ஒருவருடையது. பார்சல் லாரியில் இருபது பேர் பொருள் ஏறும். அதில் உங்களுடையது எப்படி ஒரு லோடு ஆகும்? எழுதினவனுக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

ரசீதில் முதலில் வர வேண்டியது உருப்படி. மூட்டையோ பெட்டியோ, தனியாகத் தூக்கி வைக்கிற ஒவ்வொன்றும் ஒரு உருப்படி. உங்கள் கணக்கில் 16. அதற்குக் கீழே வகை வகையாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இறக்கும் இடத்தில் லோடுமேன் எண்ணுவது அந்த 16-ஐத்தான்.

சிப்பம் என்று மட்டும் எழுதாதீர்கள். அரிசிக் கடையில் 25 கிலோ சிப்பம், ஈரோட்டுப் பக்கம் வெல்லச் சந்தையில் 30 கிலோ சிப்பம். எடையைச் சேர்த்து எழுதாவிட்டால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள்.

பாம்பன் பெட்டிக்கடை:
எங்கள் பக்கம் மீன் வலையில் இருக்கிற வரைக்கும் அது பாடு. கரையில் கூடை, ஐஸ் போட்டால் பெட்டி, வண்டியில் ஏறினால் லோடு. சரக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், டிரைவர் வேறு மாதிரி சிரிப்பார்.

கருவாட்டுப் பெட்டியில் உள்ளே பாலிதீன் போட்டு இறுக்கிக் கட்டுங்கள் தம்பி. வாசம் வந்தால் தனியாகத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடுவார்கள், அப்புறம் அதுவும் காணாமல் போகும்.

கீழக்கரை கணக்கர்:
நடந்ததைப் பார்ப்போம். ரசீதில் எடை எழுதியிருக்கிறதா? பார்சல் வாடகை எடைக்குத்தான் போடுவார்கள். 8 மூட்டையின் எடைக்கு வாடகை வாங்கியிருந்தால் "1 லோடு" என்ற வார்த்தை அவர்களைக் காப்பாற்றாது. கடைக்காரர் டெலிவரி காப்பியில் கையெழுத்துப் போடும்போது "ஒரு மூட்டை குறைவு" என்று எழுதினாரா என்றும் கேளுங்கள்.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக்கிங் தேதியில் இருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வழக்குப் போட முடியாது. போனில் சண்டை போட்டதெல்லாம் கணக்கில் வராது. இன்னொன்று: மதிப்பைச் சொல்லி, கூடுதல் ரிஸ்க் ரேட் (பொருள் போனால் லாரிக்காரர் பொறுப்பேற்பதற்கான அதிக வாடகை) கட்ட ஒப்புக்கொள்ளாவிட்டால், நஷ்ட ஈட்டுக்கு வாடகையின் 10 மடங்குதான் உச்சவரம்பு. வத்தல் விலைக்கு அது எந்த மூலைக்கு?

"மளிகை" என்பதும் வேண்டாம். வத்தலுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. லேபிள் ஒட்டிப் பாக்கெட் போடாத கருவாட்டுக்கும் கருப்பட்டிக்கும் வரி இல்லை. மூன்றையும் ஒரே பெயரில் எழுதினால் வழியில் வரித்துறைப் பறக்கும் படை நிறுத்திக் கேட்கும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும், அதில் உள்ள பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும்.

சாயல்குடிவாசி:
நன்றி காக்கா (உங்கள் ஊர் வழக்கில் அண்ணா). பார்த்தேன், எடை 360 கிலோ என்று இருக்கிறது. வத்தல் மூட்டைக்கு 25, கருப்பட்டி பெட்டிக்கு 20, கருவாடு 15. கூட்டினால் 350, மீதி சாக்கும் பெட்டியும். 8 மூட்டை இருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். டெலிவரி காப்பியிலும் கடைக்காரர் "7 மட்டும்" என்று எழுதியிருக்கிறார். நோட்டீஸ் எழுதப் போகிறேன்.

ரயிலில் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதா?

பரமக்குடி புக்கிங்:
ரயிலில் வேறு பாஷை. நீங்கள் டிக்கெட் எடுத்துக் கூடவே போனால் லக்கேஜ். ஆள் போகாமல் அனுப்பினால் பார்சல். வேகன் கணக்கில் போவதுதான் கூட்ஸ். உங்களுக்குப் பார்சல்தான் பொருந்தும். ஆனால் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ப் போடவும் அங்கே எடுக்கவும் ஆள் வேண்டும், கடைவாசல் வரை வராது.

சாயல்குடிவாசி:
சரி, லாரியே இருக்கட்டும். அடுத்த ரசீதுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மொத்தம் 16 உருப்படி. ராமநாதபுரம் முண்டு வத்தல் 8 மூட்டை, பனங்கருப்பட்டி 6 பெட்டி, கருவாடு 2 பெட்டி. 360 கிலோ. மதிப்பு பில்படி."

கீழக்கரை கணக்கர்:
"பில்படி" போதாது, பில் நம்பரும் தொகையும் எழுதுங்கள். 360-க்குப் பக்கத்தில் "சாக்கு, பெட்டி உட்பட" என்று போடுங்கள். ஒவ்வொரு மூட்டையிலும் பெட்டியிலும் 1/16, 2/16 என்று மார்க்கரில் எழுதிவிட்டால், எது வரவில்லை என்று கடைக்காரரே நம்பரோடு சொல்லிவிடுவார்.