கடைக் கண்ணாடியில் நீலத்தாள் ஒட்டியிருந்தால் நின்று படியுங்கள்

லண்டனுக்கு வந்த முதல் வருடம் நாங்கள் குடியிருந்தது கடைத்தெருவில், ஒரு காலிக் கடைக்கு மேலே இருந்த ஃபிளாட்டில். ஒருநாள் அந்தக் கடையின் கண்ணாடியில் வெளிர்நீலத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. வாடகைக்கு விடுகிறார்கள் போல என்று நினைத்து மாடியேறிப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்து அங்கே ஒரு சிக்கன் கடை திறந்தது. வெள்ளி, சனி இரவுகளில் அதிகாலை மூன்று மணி வரை வியாபாரம். எங்கள் வீட்டில் அப்போது கைக்குழந்தை. இந்த ஊர் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "28 நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்ததே, யாரும் ஆட்சேபம் எழுதவில்லையே" என்றார்.

விசா, வங்கிக் கணக்கு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. மது விற்கவோ ராத்திரியில் சூடான சாப்பாடு விற்கவோ லைசென்ஸ் கேட்பவர் ஒட்டும் இந்த நீலத்தாளைப் பற்றி மட்டும் யாரும் சொல்வதில்லை. கடைக்கு மேலே வீடு எடுப்பவர்களுக்கும், ஒரு தோசைக் கடையோ கொத்துக் கடையோ போடலாம் என்று நினைப்பவர்களுக்கும், ராத்திரி வேலைக்குப் போகும் மாணவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு.

முதலில் கொஞ்சம் பின்கதை. முதல் உலகப்போர் காலத்தில் வந்த கட்டுப்பாடுகளின் மிச்சமாக, இந்த நாட்டில் பப் என்றால் இரவு 11 மணியோடு மூடுவது என்று பல காலம் இருந்தது. மது விற்க லைசென்ஸ் கொடுத்தவர்கள் மாஜிஸ்திரேட்டுகள். 2003இல் வந்த லைசென்சிங் சட்டம் அந்த அதிகாரத்தைக் கவுன்சில்களிடம் மாற்றியது. 2005 நவம்பர் 24 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மூடும் நேரம் நாடு முழுவதும் ஒன்று என்பது போய், கடைக்கு ஒரு நேரம் என்றாகிவிட்டது. (தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்குப் போனதும் அதே 2003தான். நமக்கு மதுக்கடை என்றால் அரசு வைப்பது, வேண்டாம் என்றால் கலெக்டரிடம் மனு, இல்லாவிட்டால் மறியல். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து கவுன்சிலிடம் பேசினால் ஒன்றும் நடக்காது.)

பலருக்குத் தெரியாத விஷயம், லைசென்ஸ் மதுவுக்கு மட்டும் இல்லை. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சூடான சாப்பாடோ சூடான பானமோ விற்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பெயர் லேட் நைட் ரிஃப்ரெஷ்மென்ட். குளிர்ந்த சாண்ட்விச்சை நள்ளிரவில் விற்கலாம். கொத்துப் பரோட்டாவையும் டீயையும் லைசென்ஸ் இல்லாமல் விற்க முடியாது. டெலிவரி ஆப் வழியாகப் போகும் பார்சலாக இருந்தாலும் இதே கதைதான்.

சரி, நீலத்தாளுக்கு வருவோம். புதிதாக லைசென்ஸ் கேட்பவர் வெளிர்நீல ஏ4 தாளில், படிக்கிற அளவு பெரிய எழுத்தில், வாசலில் ஒட்ட வேண்டும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். எந்தெந்த நாள், எத்தனை மணி வரை, மதுவா பாட்டா சாப்பாடா, எந்தத் தேதிக்குள் கருத்து எழுத வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கடைசித் தேதியைத்தான் முதலில் பாருங்கள். அதற்குள் போலீஸ், தீயணைப்பு, சுற்றுச்சூழல் சுகாதாரம் போன்ற துறைகளும் சரி, அக்கம்பக்கத்தாரும் சரி, ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை என்றால், கவுன்சில் லைசென்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும். அவர்களே நினைத்தாலும் மறுக்க வழியில்லை. எங்கள் மாடிக்குக் கீழே நடந்தது அதுதான். தப்பு கவுன்சிலுடையதில்லை, என்னுடையது.

எதிர்ப்பு எழுத நீங்கள் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, சொந்த வீடும் தேவையில்லை. மாணவர் விசாவில் வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். ஆனால் எழுதுவது நான்கு விஷயங்களில் ஒன்றைத் தொட வேண்டும்: குற்றமும் ஒழுங்கின்மையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொந்தரவைத் தடுப்பது, சிறுவர்களைத் தீங்கிலிருந்து காப்பது. இந்த நான்குக்கு வெளியே நீங்கள் எழுதும் எதையும் அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "குடி குடியைக் கெடுக்கும்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. என் வீட்டு விலை குறையும், பார்க்கிங் கிடைக்காது, எதிர்க்கடை வியாபாரம் படுக்கும், இவையும் செல்லாது. "இந்தத் தெருவில் ஏற்கெனவே ஏழு கடை இருக்கிறது, எட்டாவது எதற்கு" என்பதும் செல்லாது, தேவை இருக்கிறதா என்பது லைசென்ஸ் விவகாரமே இல்லை. அதே சங்கதியை, "ஏழு கடைகளும் மூடிய பிறகு இரண்டு மணிக்குக் கூட்டம் பஸ் நிறுத்தத்தில் சேர்ந்து சண்டை போடுகிறது, எட்டாவது வந்தால் அது கூடும்" என்று எழுதினால் செல்லும். சில கவுன்சில்கள் இப்படிக் கடைகள் குவிந்த பகுதிகளைத் தனியாக வரைந்து, அங்கே புதிய லைசென்ஸ் கிடைப்பதைக் கடினமாக்கி வைத்திருக்கின்றன. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் தன் வெஸ்ட் எண்ட் பகுதிக்கும், ஹாக்னி கவுன்சில் ஷோர்டிச்சுக்கும் அப்படி வைத்திருக்கின்றன.

இன்னொன்று, பயப்படுகிறவர்களுக்காக. எழுதினால் உங்கள் பெயரும் முகவரியும் பொதுவாகக் கடைக்காரர் கைக்குப் போகும். மிரட்டல் வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் முன்கூட்டியே கவுன்சிலிடம் சொல்லுங்கள், விதிவிலக்கு உண்டு. அதுவும் முடியாதென்றால் உங்கள் வார்டு கவுன்சிலரை எழுதச் சொல்லலாம். அவர் பெயரில் போகும்.

ஆட்சேபம் வந்தால், கெடு முடிந்து 20 வேலை நாட்களுக்குள் ஹியரிங், அதாவது விசாரணை வைப்பார்கள். மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நீதிமன்றம் போல மிரட்டலாக இருக்காது. இரண்டு தரப்புக்கும் பேச ஒரே அளவு நேரம். வக்கீல் தேவையில்லை, ஆங்கிலம் தடுமாறினால் நண்பரை உதவிக்கு அழைத்துப் போகலாம். ஆனால் வருகிறீர்களா இல்லையா என்று முன்பே எழுதித் தெரிவிக்கச் சொல்லிக் கடிதம் வரும், அதைப் பிரிக்காமல் மேசையில் போட்டுவிடாதீர்கள்.

அங்கே எது எடுபடும்? இதற்கு இரண்டு பப் வழக்குகளைச் சொன்னால் போதும். ஒன்று, லிவர்பூலுக்குப் பக்கத்தில் விர்ரல் (Wirral) என்ற பகுதியில் இருந்த சாகல் ஹோட்டல் என்ற பப். கூடுதல் நேரம் கேட்டது. போலீஸ் முதலில் எதிர்த்து, சில கண்டிஷன்களுக்கு ஒப்புக்கொண்டதும் விலகிக்கொண்டது. கவுன்சில் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனார்கள், அங்கே நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். 2008இல் ஹை கோர்ட் அதை ரத்து செய்தது. காரணம், பப் அதற்குள் கூடுதல் நேரத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது, பெரிதாகப் புகார் ஒன்றும் இல்லை. மாஜிஸ்திரேட்டுகள் ஆதாரத்தை விட்டுவிட்டுத் தங்கள் அச்சத்தை வைத்து முடிவெடுத்துவிட்டார்கள். "நடக்கும் என்று பயமாக இருக்கிறது" என்பதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

மற்றொன்று சோஹோவில், பெர்விக் தெருவை ஒட்டி இருந்த எண்டியூரன்ஸ் என்ற பப். கிளாஸோடு வெளியே வந்து சந்தில் கூட்டமாக நின்று குடிப்பார்கள். மேலே வீடுகள். குடியிருப்பவர்களின் புகாரில், மாலை ஆறு மணிக்கு மேல் திறந்த கிளாஸோடு வெளியே வரக்கூடாது என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் கண்டிஷன் போட்டது. பப் நடத்திய கம்பெனி விடாமல் அப்பீல் மேல் அப்பீல் போய், 2011இல் கோர்ட் ஆஃப் அப்பீல் வரை வந்து தோற்றது. இப்படிப்பட்ட முடிவு, கடைக்காரர் வருமானம், வருகிறவர்களின் சந்தோஷம், குடியிருப்பவர்களின் நிம்மதி இவற்றை எடைபோட்டு எடுப்பது. கவுன்சில் சொன்ன காரணங்களை மாஜிஸ்திரேட் கவனமாகப் பார்க்க வேண்டும், முடிவு தவறு என்று தெரிந்தாலொழிய அதை மாற்றக்கூடாது என்றது கோர்ட். கவுன்சில் முடிவு பிடிக்காவிட்டால் 21 நாட்களுக்குள் அப்பீல் போகலாம்தான். ஆனால் அந்த மூன்று கவுன்சிலர்கள் முன்னால் ஒழுங்காகப் பேசாமல், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது வீண் செலவு என்பது இந்த வழக்கில் தெரிகிறது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, மணி, என்ன சத்தம், எவ்வளவு நேரம், யார் எழுந்தார்கள், இவ்வளவுதான். நான் சிக்கன் கடை விஷயத்தில் பிறகு அதைத்தான் செய்தேன். கொடுத்துவிட்ட லைசென்ஸை மறுபரிசீலனை செய்யும்படி யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், அதற்கு ரிவ்யூ என்று பெயர். ஆறு வாரக் குறிப்போடு போனேன். கடை மூடவில்லை, நான் அதைக் கேட்கவும் இல்லை. ஒரு மணியோடு நிறுத்துவது, டெலிவரி பைக்குகள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கக்கூடாது என்பது, இரண்டும் கிடைத்தன.

சில வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்தேன். என் மாமா மகன் கொத்துக் கடை போட்டு, இரவு இரண்டு மணி வரை கேட்டான். மது கிடையாது, வெறும் சாப்பாடு. மது இல்லாததால் பொறுப்பாளராக ஒருவரைக் காட்ட வேண்டியதில்லை. மது இருந்தால் பெர்சனல் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். அதற்கு ஒருநாள் பயிற்சி, 40 கேள்வித் தேர்வு, குற்றப் பதிவு சான்று, 37 பவுண்டு கட்டணம். 2015இலிருந்து அதைப் புதுப்பிக்கத் தேவையில்லை. வேலை செய்யும் உரிமை இல்லாத விசாவில் இருப்பவருக்கு மட்டும் 2017 ஏப்ரல் முதல் மதுவுக்கான லைசென்ஸும் லேட் நைட் ரிஃப்ரெஷ்மென்ட் லைசென்ஸும் கிடையாது. யாரோ உங்கள் பெயரில் எடுத்துக்கொடு என்று கேட்டால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைக்கான கட்டணம் பெரிதில்லை. கட்டடத்தின் ரேட்டபிள் மதிப்பு (வரிக்காகக் கணக்கிடும் மதிப்பு) 4,301 முதல் 33,000 பவுண்டு வரை என்றால் விண்ணப்பத்துக்கு 190, அப்புறம் ஆண்டுக்கு 180. பெரிய அடி விழுந்தது வேறு இடத்தில். கடையின் பிளானிங் அனுமதியில் (கட்டடத்தை எதற்கு, எப்படிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி) இரவு 11 வரை என்று பழைய கண்டிஷன் ஒன்று இருந்தது. லைசென்ஸும் பிளானிங்கும் தனித்தனி. லைசென்ஸில் இரண்டு மணி வாங்கினாலும் பிளானிங்கில் 11 என்றால் 11க்குத்தான் மூட வேண்டும். குத்தகையில் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். அதைத் திருத்தவே மாதக்கணக்கில் போனது, வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி ஒருவர் எதிர்ப்பு எழுதியிருந்தார். நம்மவன் கொதித்தான். "நிறத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள் மச்சான்." கடிதத்தைப் படித்துப் பார்த்தால், கார்க் கதவு அடிக்கும் சத்தம், குப்பை, பின்வாசலில் பாத்திரம் கழுவும் சத்தம், இவ்வளவுதான். வடையும் டீயும் வைத்துக் கூப்பிட்டுப் பேசினோம். வார நாளில் 12, வெள்ளி சனியில் ஒன்றரை, பின்வாசல் 11க்கு மேல் பூட்டு என்று எழுதிக்கொடுத்ததும் எதிர்ப்பை வாபஸ் வாங்கிக்கொண்டார். எதிர்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஹியரிங்கே இல்லாமல் லைசென்ஸ் வந்தது. இரண்டு மணி கேட்டு அடம்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

மது விற்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் மது விற்க அனுமதி உள்ளவர்களிடம் சில கவுன்சில்கள் லேட் நைட் லெவி என்ற கூடுதல் கட்டணத்தை வசூலிக்கின்றன. 2013இல் நியூகாஸில் தொடங்கி வைத்தது. கட்டட மதிப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 299 முதல் 4,440 பவுண்டு வரை. நீங்கள் உண்மையில் நள்ளிரவுக்கு மேல் திறக்கிறீர்களா என்று பார்க்க மாட்டார்கள், லைசென்ஸில் அந்த நேரம் இருந்தாலே கட்ட வேண்டும். இருக்கட்டுமே என்று நேரத்தை வாங்கி வைக்காதீர்கள்.

தீபாவளிக்கோ புத்தாண்டுக்கோ ஒருநாள் மட்டும் நீட்டிக்க வேண்டுமென்றால் டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் போதும். 21 பவுண்டு, 499 பேருக்கு மிகாமல், 10 முழு வேலை நாட்களுக்கு முன்பு. அதற்குப் போலீஸும் சுற்றுச்சூழல் சுகாதாரத்துறையும் மட்டுமே ஆட்சேபிக்க முடியும்.

கடைசியாக, இந்தக் கடைகளில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு. லைசென்ஸின் சுருக்கம் கடையில் பார்வைக்கு மாட்டியிருக்க வேண்டும், முதல் நாளே படித்து மது நிறுத்தும் மணியைத் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது ஆகாதவருக்கு மது விற்றால் முதலாளி மட்டும் மாட்டுவதில்லை, விற்ற ஆளே குற்றவாளி. அந்த இடத்திலேயே 90 பவுண்டு அபராத நோட்டீஸ் எழுதலாம், கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.